வீடியோ போடும் முன் பூட்டு, போட்ட பின் கணக்கு

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் மழையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் தண்ணீரில் நின்ற நேரம். பெருங்களத்தூர், நெடுங்குன்றம் பக்கம் ஈரச் சாலையை ஒரு முதலை நிதானமாகக் கடந்துபோனது. காருக்குள் இருந்து எடுத்த அந்தச் சில விநாடிக் காட்சி ஊரெல்லாம் சுற்றியது. தாம்பரத்தில் பலருக்குக் கரண்ட் இல்லை என்பதால், வெளியூர்ச் சொந்தக்காரர்கள் பார்த்த பிறகுதான் உள்ளூர்க்காரர்கள் பார்த்தார்கள். அது கூச்ச சுபாவம் கொண்ட சதுப்புநில முதலை, சென்னையின் நீர்நிலைகளில் இப்படிச் சில உண்டு, பதற வேண்டாம் என்று வனத்துறைச் செயலராக இருந்த சுப்ரியா சாஹு விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்த வீடியோவை மொத்தம் எத்தனை பேர் பார்த்தார்கள்? சொல்ல ஆளில்லை. வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கு எண்ணிக்கை காட்டும் பழக்கம் கிடையாது. தங்கள் பக்கத்தில் மறுபதிவு போட்டவர்களுக்கு ஆளுக்கொரு கணக்கு ஏறியிருக்கும். யார் பார்க்கலாம், பார்த்ததை யார் பெயரில் எண்ணுவது என்ற இரண்டும் முதலில் ஏற்றும்போதே முடிவாகிவிடுகின்றன. பிறகு விரட்டிப் பிடிக்க முடியாது.

முதலைக்குப் பரவாயில்லை. வீடியோவை வைத்துப் பிழைப்பவருக்கு அப்படியில்லை. குரோம்பேட்டையில் கணக்கு டியூஷன் எடுப்பவர், சேலையூரில் ஆரி ஒர்க் பிளவுஸ் தைப்பவர், மேடவாக்கத்தில் மாடுலர் கிச்சன் செய்பவர், வண்டலூர் பக்கக் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு சுய அறிமுக வீடியோவோடு வேலை தேடுபவர் என்று ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் இன்று எல்லாரிடமும் ஒரு லிங்க் இருக்கிறது. அந்த லிங்க்கின் அமைப்புகளைத் திறந்து பார்த்தவர்கள்தான் குறைவு.

மூன்று நிலை, ஒரு குழப்பம்

யூடியூபில் பப்ளிக், அன்லிஸ்டெட், பிரைவேட் என்று மூன்று நிலைகள் உண்டு. வேலைக்கு அனுப்பும் வீடியோவில் அதிகம் சொதப்புவது பிரைவேட். பாதுகாப்பு என்று நினைத்து அதைத் தேர்ந்தெடுத்து, லிங்க்கை ரெஸ்யூமேயில் போட்டுவிடுகிறார்கள். பிரைவேட் வீடியோவை, நீங்கள் மின்னஞ்சல் முகவரி கொடுத்து அழைத்தவர்கள் மட்டும், அதிகபட்சம் 50 பேர், தங்கள் கூகுள் கணக்கில் நுழைந்துதான் பார்க்க முடியும். எச்.ஆர். பெண்மணி லிங்க்கைத் தட்டுவார், "இந்த வீடியோ பிரைவேட்" என்று வரும். உங்களைக் கூப்பிட்டு அனுமதி கேட்க அவருக்கு நேரமில்லை. அடுத்த ரெஸ்யூமேக்குப் போய்விடுவார்.

வேலை தேடுபவருக்கும் டெமோ கிளாஸ் அனுப்பும் ஆசிரியருக்கும் ஏற்றது அன்லிஸ்டெட். தேடலில் வராது, லிங்க் இருந்தால் யாரும் பார்க்கலாம். ஆனால் இது கதவைச் சாத்தி வைப்பது மாதிரி, பூட்டியதாகாது. லிங்க் கிடைத்தவர் இன்னொருவருக்கு அனுப்பலாம். யாராவது தன் பப்ளிக் பிளேலிஸ்டில் சேர்த்துவிட்டால் அங்கேயும் தலை காட்டும். அதனால் அன்லிஸ்டெட்டில் போடுவதை, என்றைக்காவது ஊரே பார்த்தாலும் கூச்சப்படாத அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பழைய கணக்கும் உண்டு. 2017-க்கு முன் ஏற்றிய அன்லிஸ்டெட் வீடியோக்களை, 2021 ஜூலை 23 முதல் யூடியூப் தானாகவே பிரைவேட் ஆக்கிவிட்டது. பழைய லிங்க்குகளை ஊகித்துக் கண்டுபிடிப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு மாற்றம் அவற்றுக்கு இல்லை என்பது காரணம். வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னவர்களுக்கு மட்டும் விலக்கு. குறும்படம் எடுத்தவர்கள், நடன ஆசிரியைகள், எடிட்டர்கள் என்று பலருடைய பழைய போர்ட்ஃபோலியோ லிங்க்குகள் இப்படிச் செத்தன. பத்து வருட அனுபவம் என்று போட்டுக்கொள்பவர்கள் தங்கள் பழைய லிங்க்குகளை இன்று ஒருமுறை தட்டிப் பார்ப்பது நல்லது.

கூகுள் டிரைவ் இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே தவறு இரு திசையிலும் நடக்கும். புதிதாக ஏற்றிய கோப்பு பூட்டிய நிலையில்தான் இருக்கும். அப்படியே அனுப்பினால் எதிரே இருப்பவருக்கு 'அனுமதி கேளுங்கள்' பக்கம்தான் திறக்கும். 'லிங்க் உள்ள எவரும்' என்று மாற்ற வேண்டும், அதுவும் 'வியூவர்' ஆக. அவசரத்தில் 'எடிட்டர்' கொடுத்துவிட்டால் கோப்பின் பெயரை மாற்றும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்தாயிற்று. பார்ப்பவர் டவுன்லோடு செய்யாமல் தடுக்கும் தேர்வும் அங்கேயே இருக்கிறது. இதைவிடப் பெரிய ஆபத்து, வீடியோவுக்குப் பதில் அது இருக்கும் ஃபோல்டரின் லிங்க்கை அனுப்புவது. அதில் ஆதார் நகலும் பழைய கம்பெனியின் சம்பளச் சீட்டும் கிடந்தால் அவையும் கூடவே போகும்.

எதை அனுப்பினாலும் சோதனை ஒன்றுதான். பிரவுசரில் இன்காக்னிட்டோ திறந்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல், அந்த லிங்க்கைத் தட்டிப் பாருங்கள். உங்களுக்குத் திறந்தால் எச்.ஆருக்கும் திறக்கும்.

இன்னொன்று, ஃபோன் கேமராவில் லொகேஷன் ஆன் செய்திருந்தால், எடுத்த இடம் வீடியோ கோப்புக்குள்ளேயே பதிவாகும். டிரைவில் ஏற்றினாலும் வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினாலும் அது கூடவே போகும். வீட்டில் எடுக்கும் வீடியோ என்றால் கேமரா அமைப்பில் அதை அணைத்துவிட்டு எடுங்கள்.

ஆன்லைன் வகுப்பைப் பதிவு செய்து வைப்பவர்களுக்கு 2020 ஏப்ரல் ஒரு பாடம். அப்போது ஆயிரக்கணக்கான ஜூம் பதிவுகள் இணையத்தில் திறந்து கிடப்பதை வாஷிங்டன் போஸ்ட் வெளிக்கொண்டுவந்தது. ஜூமைவிட்டு எடுத்து, பாஸ்வேர்டு இல்லாத வேறு சேமிப்பிடங்களில் மக்கள் போட்டு வைத்த கோப்புகள் அவை. எல்லாவற்றுக்கும் ஜூம் ஒரே பாணியில் பெயர் வைத்ததால் தேடினாலே மாட்டின. பதிவின் கோப்புப் பெயரை மாற்றி வைப்பது இரண்டு விநாடி வேலை.

அடுத்தவர் முகம்

தொழிலில் தலைவலி பெரும்பாலும் நம் முகத்தால் வருவதில்லை. மணப்பெண் மேக்கப் வீடியோவை ரீல்ஸாகப் போட்ட மறுநாள் பெண்ணின் அம்மா கூப்பிடுகிறார்: "யாரைக் கேட்டும்மா போட்டீங்க? மாப்பிள்ளை வீட்ல கேக்குறாங்க." அதற்குள் அதைப் பத்துப் பேர் சேமித்திருப்பார்கள். முன்பணம் வாங்கும் அன்றே வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேட்டு வாங்கிவிடுங்கள்: "முகம் தெரியும்படி போடலாமா, அலங்காரம் மட்டும் போடலாமா, போடவே வேண்டாமா?" அவர்கள் எழுத்தில் அனுப்பும் பதில் இருவருக்கும் பாதுகாப்பு. கை மெஹந்தியும் பின்பக்கச் சிகையும் மட்டும் காட்டி நன்றாகத் தொழில் நடத்துபவர்கள் உண்டு.

குழந்தைகள் விஷயத்தில் நான் இன்னும் கறார். டியூஷன் சென்டர், கராத்தே, பரதநாட்டியம் என்று பிள்ளைகள் முகம் பப்ளிக் வீடியோவில் வர, பள்ளிச் சீருடையில் பள்ளியின் பெயரும் தெரிகிறது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாள, சரிபார்க்கக்கூடிய பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சட்டம் முழுதாக வரும்வரை காத்திருக்காமல், ஆண்டு விழா வீடியோவை அன்லிஸ்டெட்டாகப் போட்டுப் பெற்றோர் குழுவில் மட்டும் லிங்க் கொடுங்கள். விளம்பரத்துக்குக் கரும்பலகையும் ஆசிரியரின் குரலும் போதும்.

அலுவலகத்தில் எடுப்பது தனிக் கதை. மெப்ஸ் வளாகமோ சோழிங்கநல்லூர் ஐ.டி. கம்பெனியோ, உள்ளே கேமராவுக்குத் தடை இருந்தால் 'வேலையில் ஒரு நாள்' ரீல்ஸ் வேலையையே தின்றுவிடும். பின்னால் தெரியும் மானிட்டர், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை இரண்டும் போதும். தாம்பரம் விமானப்படைத் தளத்துச் சுவர் ஓரம் ஃபோனை உயர்த்துவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, பலகையே வைத்திருக்கிறார்கள்.

நம் வீடியோவை யாராவது எடுத்துத் தவறாகப் பயன்படுத்தினால், முதல் வேலை அழிக்கச் சொல்வது அல்ல. லிங்க், கணக்கின் பெயர், தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அழிந்த பிறகு ஆதாரம் இருக்காது. பிறகு அந்தத் தளத்திலேயே ரிப்போர்ட் செய்து, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதியுங்கள். உதவி எண் 1930. தாம்பரத்துக்கு 2022 ஜனவரி 1 முதல் தனிக் காவல் ஆணையரகம் இருக்கிறது, நேரிலும் போகலாம். அந்தரங்கக் காட்சி என்றால், பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்த 2 மணி நேரத்துக்குள் தளங்கள் நீக்க வேண்டும் என்று, 2026 பிப்ரவரியில் திருத்தப்பட்ட 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன (அதற்கு முன் 24 மணி நேரம்). புகாரில் அந்த விதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள், வேகம் கூடும்.

நான் பார்த்தது அவருக்குத் தெரியுமா?

எல்லாரும் கேட்க நினைத்துக் கேட்காத கேள்வி. யூடியூபில் யார் பார்த்தார் என்ற பெயர் ஏற்றியவருக்குப் போகாது. இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் போகும், ரீல்ஸில் போகாது. லிங்க்ட்இன்னில் உங்கள் வீடியோவைப் பார்த்தவர்களின் நிறுவனம், பதவி, ஊர் என்று தொகுப்பாகக் காட்டும், பெயர் காட்டாது. ஆனால் புரொஃபைலுக்குள் நுழைந்தால், நீங்கள் அமைப்பை மாற்றாதவரை, உங்கள் பெயர் அவருக்குத் தெரியும். பேட்டிக்கு முன் மேலாளரின் பக்கத்தை ஏழு முறை எட்டிப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். அலுவலகங்களில் புழங்கும் லூம் மாதிரி வீடியோச் செயலிகளிலும் கணக்கில் நுழைந்து பார்த்தவரின் பெயர் அனுப்பியவருக்கு வரும். மேலாளர் அனுப்பிய பயிற்சி வீடியோவைப் பார்த்துவிட்டதாகத் தலையாட்டும் முன் யோசியுங்கள்.

இதில் தொழிலுக்கு உண்மையான புதையல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். புடவை, ஊறுகாய், வீட்டு கேக் விற்பவர்கள் யூடியூப் எண்களைத் துரத்துகிறார்கள். ஆனால் பெயரோடு பட்டியல் கொடுப்பது ஸ்டேட்டஸ்தான். யார், எத்தனை மணிக்குப் பார்த்தார் என்று வருகிறது. நான்கு நாளாகக் காஞ்சிப் பட்டு வீடியோவை மட்டும் விடாமல் பார்க்கும் வாடிக்கையாளரை அடையாளம் கண்டு, "அக்கா, புது ஸ்டாக் வந்திருக்கு, பாக்கறீங்களா?" என்று ஒரு செய்தி போட்டால் போதும். ரீட் ரசீது அணைத்திருப்பவர்கள் பட்டியலில் வரமாட்டார்கள். நீங்களே அதை அணைத்திருந்தால் யாருடைய பெயரும் உங்களுக்கு வராது, தொழில் எண்ணில் அதை ஆன் செய்து வையுங்கள். இருவரும் ஒருவர் எண்ணை ஒருவர் சேமித்திருந்தால்தான் ஸ்டேட்டஸ் போய்ச் சேரும் என்பதால், பார்சல் அட்டையில் "எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று அச்சடிப்பது எந்த விளம்பரத்தையும்விட மலிவு.

வேலைக்குப் போய்க்கொண்டே பக்கத் தொழில் செய்பவர்கள் ஸ்டேட்டஸில் 'சிலரைத் தவிர' என்ற தேர்வைப் பழகிக்கொள்ள வேண்டும். 2022 செப்டம்பரில், போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை செய்ததாக 300 பேரை நீக்கியதாக விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி சொன்னார். புடவை விற்பது அந்த ரகம் அல்ல. ஆனாலும் உங்கள் பணி நியமனக் கடிதத்தில் வேறு தொழில் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு ஸ்டேட்டஸ் போடுங்கள். டீம் லீடரை மறைப்பதால் கடிதத்தின் வரி மாறிவிடாது.

இன்ஸ்டாகிராமில் ஒரு முடிச்சு. புள்ளிவிவரம் வேண்டுமென்றால் கணக்கைத் தொழில்முறைக் கணக்காக மாற்ற வேண்டும், மாற்றினால் அதைப் பிரைவேட்டாக வைக்க முடியாது. குடும்பப் படங்களும் பிளவுஸ் டிசைனும் ஒரே கணக்கில் இருந்தால் இரண்டில் ஒன்றை இழப்பீர்கள். தொழிலுக்குத் தனிக் கணக்கு திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

ஒரு 'வியூ' என்றால் என்ன என்பதில் தளங்களுக்குள் ஒற்றுமை இல்லை. லிங்க்ட்இன்னில் வீடியோவின் பாதியாவது திரையில் தெரிந்து, 2 விநாடி தொடர்ந்து ஓடினால் ஒரு வியூ. யூடியூப் ஷார்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல், ஓடத் தொடங்கினாலே வியூ, திரும்ப ஓடினால் இன்னொரு வியூ. அந்த வாரம் திடீரென்று எண்ணிக்கை ஏறியதைப் பார்த்துப் பார்ட்டி கொடுத்தவர்கள் இருக்கலாம். பழைய அளவுகோல் 'என்கேஜ்டு வியூஸ்' என்ற பெயரில் யூடியூப் ஸ்டுடியோவுக்குள் இருக்கிறது. பார்க்க வேண்டியது அதைத்தான்.

கம்பெனிகளே கணக்கில் தவறியதுண்டு. 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக், வீடியோவைப் பார்த்த சராசரி நேரத்தைக் கூட்டிக் காட்டிவந்ததை ஒப்புக்கொண்டது. மொத்த நேரத்தை எல்லாப் பார்வைகளாலும் வகுப்பதற்குப் பதில், 3 விநாடிக்கு மேல் நின்ற பார்வைகளால் மட்டும் வகுத்தார்கள். உடனே தள்ளிவிட்டுப் போனவர்கள் வகுத்தலில் இல்லை, சராசரி வீங்கியது. டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சிக்காரர் உங்கள் கடைக்கு வந்து ரிப்போர்ட் நீட்டும்போது இதை நினைவில் வையுங்கள். "சராசரி என்றால் எதை எதால் வகுத்தீங்க தம்பி?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். முகம் மாறினால் பில்லைக் குறைத்துப் பேசலாம்.

அவர்கள் தரும் "10,000 வியூஸ் உறுதி" பெரும்பாலும் விளம்பரமாக ஓடவிட்ட வியூஸ். 2019 ஜூலையில் ராப் பாடகர் பாட்ஷாவின் 'பாகல்' பாட்டு ஒரே நாளில் 7.5 கோடி வியூஸ் வாங்கியதாகச் சொல்லப்பட்டது. யூடியூப் அதைச் சாதனையாக அறிவிக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், விளம்பரத்தால் வரும் வியூஸை இசைத் தரவரிசைக்கும் 24 மணி நேரச் சாதனைக்கும் எடுத்துக்கொள்வதில்லை என்று விதியை மாற்றிக்கொண்டது. விளம்பரம் கொடுப்பது குற்றமல்ல. காசு கொடுத்து வந்த எண்ணையும் தானாக வந்த எண்ணையும் ஒரே வரியில் எழுதி வாங்குவதுதான் ஏமாற்று. யூடியூப் ஸ்டுடியோவில் 'டிராஃபிக் சோர்ஸ்' பகுதியைத் திறந்தால் இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன. ஏஜென்சி தரும் பி.டி.எஃப். வேண்டாம், ஸ்டுடியோவையே திறந்து காட்டச் சொல்லுங்கள். சேனல் உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும் என்பது அதற்கும் முந்தைய நிபந்தனை.

தாம்பரத்துத் தொழிலுக்கு வியூஸைவிட மூன்று இடங்கள் முக்கியம். ஒன்று, வீடியோவின் 30-வது விநாடியில் எத்தனை சதவீதம் பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்பது. "வணக்கம் நண்பர்களே, பெல் பட்டனை அழுத்துங்க" என்று ஆரம்பிக்கும் வீடியோக்கள் அங்கே சரிவதைக் கண்ணால் பார்க்கலாம். அதே வரைபடத்தில் நடுவில் மேடு தெரிந்தால், அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். கணக்கு ஆசிரியருக்கு அதுதான் அடுத்த டெமோ கிளாஸுக்கான தலைப்பு. அடுத்தது, தம்ப்நெயிலைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் தட்டினார்கள் என்ற விகிதம். பாதிச் சேனல்களுக்கு இது 2 முதல் 10 சதவீதத்துக்குள்தான் என்று யூடியூபே சொல்கிறது, 4 வந்தால் அழ வேண்டாம். மூன்றாவது யூடியூபில் இல்லை, கூகுள் மேப்பில் உங்கள் கடைப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே 30 விநாடி வரை வீடியோ போடலாம். எத்தனை பேர் வழி கேட்டார்கள், எத்தனை பேர் அழைத்தார்கள் என்ற கணக்கும் தருகிறது. பல்லாவரத்தில் இருந்து வண்டியைக் கிளப்பியவரின் கணக்கு அது. அமெரிக்காவில் இருந்து ரசித்துவிட்டுப் போன ஆயிரம் பேர் பிளவுஸ் அளவு கொடுக்க வரப்போவதில்லை.

விளம்பர வருமானம் பற்றி ஒரு பத்தியோடு விட்டுவிடலாம். யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பப்ளிக் பார்வையும் வேண்டும், அல்லது 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் வியூஸ் வேண்டும். அன்லிஸ்டெட், பிரைவேட், அழித்த வீடியோக்களின் நேரம் சேராது. டியூஷன், பொட்டிக் நடத்துபவர் இதைக் குறிவைத்து வீடியோ போட்டால் வாடிக்கையாளருக்கான வீடியோ கெட்டுப்போகும் என்பது என் கணிப்பு.

கடைசியாக வேலை தேடுபவர்களுக்கு. ஒரே வீடியோவைப் பத்து இடத்துக்கு அனுப்பினால், 6 வியூஸில் யார் பார்த்தார், யார் பார்க்கவில்லை என்று தெரியாது. முதல் பத்து விநாடியை மட்டும் ஒவ்வொரு பள்ளிக்கும் கம்பெனிக்கும் பெயர் சொல்லித் தனியாகப் பேசி, மீதியை ஒட்டி, தனித்தனி அன்லிஸ்டெட் லிங்க்காக அனுப்புங்கள். நீங்களே திறந்து பார்த்த கணக்கைக் கழித்துக்கொள்ளுங்கள். வயது, ஆண்-பெண் விவரம் இவ்வளவு சிறிய எண்ணிக்கைக்கு வராது, வரவும் தேவையில்லை. வியூஸும் சராசரி நேரமும் இருந்தால் போதும். ஒரு வாரமாகியும் பூஜ்யம் என்றால் மின்னஞ்சல் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். நான்கு நிமிட வீடியோவை மூன்றரை நிமிடம் பார்த்திருந்தால் மறுநாள் காலை பத்தரைக்குப் போன் செய்யுங்கள். "வீடியோவைப் பார்த்துட்டீங்கன்னு தெரியும் சார்" என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். "டெமோ அனுப்பியிருந்தேன் சார், ஏதாவது கேக்கணுமா?" என்று தொடங்குங்கள்.